கடந்தவர் ஒருவர், தண்டனை இருவருக்கு

ஒரு சட்டம் எவரைத் தண்டிக்கின்றது என்பதை அறிய விரும்புவோர் அச்சட்டத்தில் எழுதப்பட்டிருப்பதை மட்டும் படித்தால் போதாது. அது செயற்படும்போது எவருடைய வீட்டின் கதவு மூடப்படுகின்றது என்பதையும் நோக்குதல் வேண்டும். நாடு கடத்தப்பட்ட பின்னர் அனுமதியின்றி மீண்டும் எல்லையைக் கடந்து வந்தவரைத் தண்டிப்பதாக ஐக்கிய அமெரிக்காவின் குடிவரவுச் சட்டம் கூறுகின்றது. ஆயின், அவரை மணந்து, அவரோடு பிள்ளைகளைப் பெற்று, வரி செலுத்தி வாழும் அமெரிக்கப் பிரசை ஒருவர் தம் கணவருக்காகவோ மனைவிக்காகவோ அரசிடம் மனுச் செய்யும் நாளிலேதான் அச்சட்டத்தின் முழுக் கொடுமையும் வெளிப்படுகின்றது. குற்றம் யாதும் செய்யாத அப்பிரசையின் மீது விழும் தண்டனை தற்செயலாக நேர்ந்த பக்கவிளைவன்று. சட்டத்தின் அமைப்பிலேயே பொதிந்துள்ள அநீதி. அதனை நியாயப்படுத்தக் கூறப்படும் காரணங்களுள் ஒன்றேனும் ஆராய்ச்சிக்கு நின்றுபிடிக்கக் கூடியதன்று.

வாழ்க்கைத் துணையைப் பொறுப்பேற்று அழைத்தல், அதாவது பேச்சுவழக்கில் ‘ஸ்பொன்சர்’ செய்தல், இலங்கைத் தமிழ் வீடுகளுக்குப் புதிய செய்தியன்று. கடல் கடந்து வாழும் உறவினர் வாயிலாக அச்சொல் கிராமங்கள் வரை பரவியுள்ளது. ஆயினும் அச்சொல்லின் பின்னே அமெரிக்காவில் இயங்கும் சட்டப் பொறி எத்தகையது என்பதைப் பலர் அறியார். அமெரிக்கப் பிரசையின் கணவன் அல்லது மனைவி அந்நாட்டுச் சட்டத்தில் ‘உடனடி உறவினர்’ என்னும் வகையுள் அடங்குவார். ஆண்டொன்றுக்கு இத்தனை பேர் என்ற வரையறை இவ்வகையினருக்கு இல்லை. பிரசை ஐ-130 என்னும் மனுவைச் சமர்ப்பித்து, திருமணம் உண்மையானது என்பதை நிறுவுதல் வேண்டும். பின்னர், வறுமைக்கோட்டு வருமானத்தின் 125 சதவீதத்துக்குக் குறையாத வருமானத்தோடு துணையைத் தாங்குவதாகச் சட்டத்தாற் கட்டுப்படுத்தும் உறுதிமொழி ஒன்றிலும் கைச்சாத்திடுதல் வேண்டும். இதுவரை நியாயமே. திருமணத்தின் உண்மையையும் குடும்பத்தின் பொருள்நிலையையும் சோதித்தறிய அரசுக்குள்ள உரிமையை எவரும் மறுப்பதற்கில்லை.

சிக்கல் இதற்கு அப்பாலேயே தொடங்குகின்றது. மனு ஏற்றுக்கொள்ளப்படுவது திருமணம் மெய்யானது என்பதற்கு அரசு வழங்கும் சான்று மாத்திரமே. துணையை அனுமதிப்பதற்கான உறுதி அன்று. திருமணம் மெய்யானது என ஏற்ற அதே அரசு, அடுத்த படியில் அத்துணை ‘அனுமதிக்கத் தகாதவர்’ எனக் கூறி மனுவைப் பயனற்றதாக்கலாம். ஒரு கையால் எழுதி மறு கையால் அழிப்பது போன்றதே இந்நடைமுறை.

இன்றைய நிலைமைக்கு வித்திட்டது 1996 ஆம் ஆண்டுச் சட்டமாகும். சட்டவிரோதக் குடிவரவுச் சீர்திருத்தமும் குடிவரவாளர் பொறுப்பும் பற்றிய அச்சட்டம், பெரியதொரு செலவின ஒதுக்கீட்டுச் சட்டத்தின் ஒரு பகுதியாகக் காங்கிரசில் நிறைவேறியது. ஜனாதிபதி கிளின்டன் 1996 செப்டெம்பர் 30 ஆம் திகதி அதிற் கைச்சாத்திட்டார். 1997 ஏப்ரல் 1 முதல் அதன் முக்கிய ஏற்பாடுகள் நடைமுறைக்கு வந்தன. அனுமதியின்றி 180 நாட்களுக்கு மேல் ஓராண்டுக்குட்பட்ட காலம் தங்கியிருந்து வெளியேறியவருக்கு மூன்றாண்டுத் தடை. ஓராண்டோ அதற்கு மேலோ தங்கியவருக்குப் பத்தாண்டுத் தடை. நாடு கடத்தற் கட்டளை பெற்றவருக்கு, அக்கட்டளையின் தன்மைக்கேற்ப ஐந்து, பத்து, இருபது ஆண்டுத் தடைகள் உள்ளன. இவையனைத்துக்கும் மேலாக நிற்பது ‘நிரந்தரத் தடை’ எனப்படுவது. மொத்தமாக ஓராண்டுக்கு மேல் அனுமதியின்றித் தங்கியிருந்து வெளியேறிய ஒருவரோ, நாடு கடத்தற் கட்டளை பெற்ற ஒருவரோ, பின்னர் முறையான அனுமதியின்றி உள்ளே வந்தால், அல்லது வர முயன்றாலே, அவர் என்றென்றைக்கும் அனுமதிக்கத் தகாதவராகிவிடுவார்.

நிரந்தரம் என்னும் சொல்லுக்கு ஒரு விலக்கு உண்டென்பது உண்மையே. இறுதியாக வெளியேறிய நாளிலிருந்து பத்தாண்டுகள் அமெரிக்காவுக்கு வெளியே கழிந்த பின்னர், மீள விண்ணப்பிப்பதற்கு அனுமதி கோரலாம். ஈண்டு கவனிக்க வேண்டியது யாதெனில், பத்தாண்டுகளின் முடிவில் கிடைப்பது அனுமதியன்று. அனுமதி கேட்பதற்கான வாய்ப்பே. மூன்றாண்டு, பத்தாண்டுத் தடைகளுக்கு உட்பட்டவர், தம் அமெரிக்கத் துணையோ பெற்றோரோ ‘கடுந்துன்பம்’ அடைவர் என நிறுவித் தடைநீக்கம் பெற வழியுண்டு. நிரந்தரத் தடைக்கு உட்பட்டவருக்கு அவ்வழியும் இல்லை. மனைவி புற்றுநோயால் வாடினும், கணவன் கட்டிலோடு கிடந்தாலும், பத்தாண்டுகள் கழியும்வரை எந்த அதிகாரியும் எந்த நீதிபதியும் அத்துன்பத்தை நிறுத்துப் பார்க்க இயலாது. கொலைக் குற்றவாளியின் தண்டனையைத் தீர்மானிக்கும்போதுகூட நீதிமன்றம் அவனுடைய சூழ்நிலையைக் கேட்டறிகின்றது. குடும்பத்திடம் திரும்பி வந்த ஒரு தொழிலாளியின் சூழ்நிலையைக் கேட்டறியச் சட்டமே அனுமதி மறுக்கின்றது.

கடுந்துன்பத்தின் அடிப்படையில் தடைநீக்கம் கிடைக்கும் இடத்திலும் ஒரு விசித்திரம் உண்டு. மூன்றாண்டு, பத்தாண்டுத் தடைகளைப் பொறுத்தவரை, பிரசையாகவோ நிரந்தர வதிவாளராகவோ உள்ள துணையினதும் பெற்றோரினதும் துன்பமே கணக்கிலெடுக்கப்படும். அமெரிக்காவிலே பிறந்து அந்நாட்டுப் பிரசையாயுள்ள குழந்தையின் துன்பம் தன்னளவிற் கணக்கில் வராது. தாயின் துன்பத்தைப் பெருக்கும் ஒரு காரணி என்ற அளவிலேயே குழந்தையின் கண்ணீர் கோப்பில் இடம்பெறலாம். குடும்பத்தைச் சமுதாயத்தின் அடிப்படை அலகு எனப் போற்றும் உலக மனித உரிமைப் பிரகடனத்தின் 16 ஆவது உறுப்புரையை 1948 இல் முன்னின்று உருவாக்கிய நாடுகளுள் அமெரிக்காவும் ஒன்று என்பதை இவ்விடத்தில் நினைவுகூர்தல் தகும்.

நிரந்தரத் தடைக்கு இன்னுமொரு விலக்கு உண்டு. அமெரிக்கத் துணையின் வன்முறைக்கு ஆளான ஒருவர், அவ்வன்முறைக்கும் தாம் வெளியேறியமைக்கோ மீண்டு வந்தமைக்கோ தொடர்புண்டென நிறுவினால் தடைநீக்கம் பெறலாம். இவ்வேற்பாடு முற்றிலும் நியாயமானது, அவசியமானதுங்கூட. ஆயின் அதனருகே வேறெந்த ஏற்பாடும் இல்லாமையால் தோன்றும் முரண்பாட்டைக் காணாதிருத்தல் இயலாது. துணை அடித்தால் சட்டம் காது கொடுக்கின்றது. துணை நேசித்து, பொறுப்பேற்று, மனுவோடு வாசலில் நின்றால் சட்டம் செவிடாகின்றது. வன்முறைக்கு ஆளானோரைக் காக்கத் தெரிந்த சட்டத்துக்கு, ஒழுங்காக வாழ்ந்த குடும்பத்தைக் காக்கத் தெரியாமற்போனது ஏன்?

தடை ஒருபுறமிருக்க, ‘பழைய கட்டளையை மீள உயிர்ப்பித்தல்’ என்னும் ஏற்பாடு மறுபுறம் நிற்கின்றது. முன்னர் நாடு கடத்தப்பட்டவர் அனுமதியின்றி மீண்டு வந்திருப்பின், குடிவரவு அதிகாரி ஒருவரே பழைய கட்டளையை உயிர்ப்பித்து அவரை வெளியேற்றலாம். நீதிபதியின் முன் புதிய விசாரணை இல்லை. தாய்நாட்டில் துன்புறுத்தப்படுவோம் என அஞ்சுவோருக்குரிய குறுகிய பாதுகாப்பைத் தவிர வேறு நிவாரணமும் இல்லை. இதன் கொடுமையை 2006 ஜூன் 22 ஆம் திகதி அமெரிக்க உயர் நீதிமன்றம் தீர்த்த பெர்னாண்டஸ் வார்காஸ் எதிர் கொன்சாலஸ் வழக்கு உலகறியச் செய்தது. அவ்வழக்கின் மனுதாரர் நாடு கடத்தப்பட்ட பின் 1982 இல், அதாவது 1996 ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதினான்கு ஆண்டுகளுக்கு முன், மெக்சிக்கோவிலிருந்து மீண்டு வந்தவர். லொறித் தொழில் நடத்தினார். 1989 இல் அவருக்கு மகன் பிறந்தான். 2001 இல் அம்மகனின் தாயான அமெரிக்கப் பிரசையை மணந்தார். மனைவி அவருக்காக மனுச் செய்தார். ஒளிந்து வாழ்ந்தவர் வெளிச்சத்துக்கு வந்ததும் பழைய கட்டளை உயிர்ப்பிக்கப்பட்டது. 2004 இல் அவர் வெளியேற்றப்பட்டார். பின்னர் வந்த சட்டம் முன்னர் வந்தவரையும் கட்டுப்படுத்தும் என எட்டு நீதியரசர்கள் கூறினர். நீதியரசர் ஸ்டீவன்ஸ் ஒருவரே மாறுபட்டார். பெரும்பான்மையினரின் தருக்கம் சட்டநூல்களிற் பிழையற்றதாகத் தோன்றலாம். ஆயின் அத்தீர்ப்பு மக்களுக்குக் கற்பித்த பாடம் ஒன்றே: மனுச் செய்யாதே, மறைந்தே இரு.

கீழ் நீதிமன்றங்களின் வரலாறும் இவ்வாறே. அமெரிக்காவின் மேற்குப் பகுதிக்குரிய ஒன்பதாவது சுற்று மேன்முறையீட்டு நீதிமன்றம், நாட்டினுள்ளே இருந்துகொண்டே மீள விண்ணப்பிக்கும் அனுமதியைக் கோரலாம் என 2004 இல் கூறியது. பல குடும்பங்கள் அதனை நம்பி முன்வந்தன. குடிவரவு மேன்முறையீட்டுச் சபை 2006 இல் இதற்கு மாறாக, பத்தாண்டுகள் வெளியே கழிந்த பின்னரே விண்ணப்பிக்கலாம் எனத் தீர்த்தது. 2007 இல் அதே மேன்முறையீட்டு நீதிமன்றம் சபையின் விளக்கத்துக்குப் பணிந்தது. நீதிமன்றத்தின் சொல்லை நம்பித் தம் முகவரியை அரசிடம் கொடுத்தவர்கள், அச்சொல் மாறியபோது அந்த முகவரியிலேயே அகப்பட்டனர்.

இனி, இச்சட்டத்தை ஆதரிப்போர் கூறும் நியாயங்களை ஒவ்வொன்றாக ஆராய்தல் பொருத்தமாகும்.

முதலாவது வாதம், வரிசையில் நிற்போருக்கு அநீதி இழைக்கப்படுகின்றது என்பதாகும். ஒழுங்காகக் காத்திருப்போரைத் தாண்டி எல்லை கடந்தவருக்கு இடமளித்தல் ஆகாது என்பர். கேட்பதற்கு இவ்வாதம் நேர்மையானதாகவே ஒலிக்கின்றது. ஆயின் அமெரிக்கப் பிரசையின் துணைக்கு எண்ணிக்கை வரையறை இல்லை என்பது முன்னரே காட்டப்பட்டது. அவருக்கு அனுமதி வழங்குவதால் வேறெவரும் ஒரு நாளேனும் அதிகம் காத்திருக்க நேராது. குடும்பத் தொடர்பற்ற சாதாரணத் தொழிலாளிக்கோ வரிசை என்று ஒன்று உண்மையில் இல்லை. நீண்ட பயிற்சி தேவைப்படாத தொழில்களைச் செய்வோருக்கு முழு உலகுக்குமாகச் சட்டம் ஒதுக்கியுள்ள நிரந்தர வதிவிட வீசாக்கள் ஆண்டொன்றுக்குப் 10,000 இற்கு மேற்படா. இல்லாத வரிசையில் நிற்கவில்லை என ஏழையைக் குற்றஞ்சாட்டுவது நேர்மையாகுமா?

இந்த ‘ஒழுங்கு’ யாருக்கு நெகிழ்ந்து கொடுக்கின்றது என்பதையும் நோக்குக. உல்லாசப் பயண வீசாவில் விமானமேறி வந்து, காலாவதியான பின்னும் பத்தாண்டுகள் தங்கிவிட்ட ஒருவர் அமெரிக்கப் பிரசையை மணந்தால், பொதுவாக நாட்டைவிட்டு வெளியேறாமலேயே நிரந்தர வதிவிட உரிமையைப் பெறலாம். அவருடைய பத்தாண்டுத் தங்கலைச் சட்டம் பொறுத்துக்கொள்கின்றது. ஆற்றைக் கடந்து நடந்து வந்தவர் அதே பத்தாண்டுகள் வாழ்ந்து, அதே போன்ற பெண்ணை மணந்தாலும், பொதுவாக அவர் வெளியேறித் துணைத்தூதரகத்தில் வீசாப் பெறுதல் வேண்டும். மெக்சிக்கோ நாட்டவராயின் சியுடாட் உவாரெஸ் நகருக்குச் செல்லுதல் வேண்டும். வெளியேறிய கணத்திலேயே பத்தாண்டுத் தடை அவர்மீது விழுகின்றது. அத்தடையின் நடுவே குழந்தையைக் காண எல்லை கடந்து திரும்பினாலோ அது நிரந்தரத் தடையாகின்றது. உல்லாசப் பயண வீசாப் பெற வங்கிக் கணக்கும் சொத்தும் நிலையான தொழிலும் காட்டவேண்டும் என்பதை அறிந்தோர், இவ்விருவருக்கும் இடையிலான வேறுபாடு ஒழுக்கத்தின் வேறுபாடன்று, வர்க்கத்தின் வேறுபாடே என்பதை உணர்வர்.

இரண்டாவது வாதம், கடுமையான தடை இல்லையேல் எல்லை மீறல் பெருகும் என்பதாகும். தடை நடைமுறைக்கு வந்த பின் நிகழ்ந்தது யாது? 1996 ஒக்டோபரில் அனுமதியின்றி வாழ்ந்தோர் தொகை சுமார் 50 இலட்சம் என அமெரிக்கக் குடிவரவுத் திணைக்களமே மதிப்பிட்டது. 2007 இல் அத்தொகை சுமார் 1 கோடி 22 இலட்சம் என பியூ ஆய்வு நிலையம் மதிப்பிட்டது. பொருளாதார வளர்ச்சியும் தொழிலாளர் தேவையும் இப்பெருக்கத்துக்கு முக்கிய காரணங்கள் என்பது உண்மை. ஆயின் அச்சுறுத்தல் அதனைத் தடுக்கவில்லை என்பதும் அதேயளவு உண்மை. முன்னர் பருவத்துக்கு வந்து பருவத்துக்குத் திரும்பிய தொழிலாளர், எல்லைக் காவல் கடுமையானதும் திரும்பிச் செல்ல அஞ்சி நிரந்தரமாகத் தங்கினர் எனப் பிறின்ஸ்டன் பல்கலைக்கழகச் சமூகவியலாளர் டக்ளஸ் மாசி தம் ஆய்வுகளில் எடுத்துக்காட்டியுள்ளார். வெளியேறினால் தடை, உள்ளேயே இருந்தால் தடையில்லை என விதித்த சட்டம், வெளியேறாதே என்றே கட்டளையிட்டதாகின்றது.

மூன்றாவது வாதம், போலித் திருமணங்களைத் தடுத்தல் வேண்டும் என்பதாகும். தடுத்தல் வேண்டும் என்பதில் ஐயமில்லை. அதற்கெனவே 1986 இல் தனிச்சட்டம் இயற்றப்பட்டது. திருமணமாகி ஈராண்டு நிறையாதோருக்கு நிபந்தனையுடன் கூடிய வதிவுரிமையே வழங்கப்படும். ஈராண்டின் பின் திருமணம் மீண்டும் சோதிக்கப்படும். குடிவரவுச் சட்டத்தை ஏய்ப்பதற்காக மணம் புரிந்தோருக்கு ஐந்தாண்டு வரை சிறையும் 2,50,000 டொலர் வரை அபராதமும் உண்டு. நிரந்தரத் தடையோ போலித் திருமணத்தைத் தொடுவதேயில்லை. மெய்யானது என அரசே ஒப்புக்கொண்ட திருமணத்தின் மீதே அது பாய்கின்றது. போலியைத் தடுக்கும் பெயரால் மெய்யை உடைத்தல் எவ்வகை நியாயம்?

நான்காவது வாதமே வலிமையானது. தன் எல்லைக்குள் எவரை அனுமதிப்பது என்பது ஒவ்வொரு நாட்டினதும் இறைமைக்குரிய உரிமை என்பர். அமெரிக்க நீதிமன்றங்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி முதல் இக்கோட்பாட்டையே பற்றி நிற்கின்றன. 1950 இல் தீர்க்கப்பட்ட நோஃப் வழக்கு இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. எலன் நோஃப் ஜெர்மனியிற் பிறந்தவர். போர்க்காலத்தில் பிரித்தானிய விமானப்படையின் மகளிர் பிரிவில் பணியாற்றியவர். பின்னர் அமெரிக்கப் படைவீரராக இருந்த ஒரு பிரசையை மணந்தவர். 1948 இல் நியூயோர்க் துறைமுகத்தை அடைந்த அவர், வெளியிட முடியாத இரகசியத் தகவலின் பேரில் விசாரணையின்றியே தடுக்கப்பட்டார். நான்குக்கு மூன்று என்ற பெரும்பான்மையால் உயர் நீதிமன்றம் அதனை அங்கீகரித்தது. எதிர்த்தோருள் ஒருவரான நீதியரசர் ஜாக்சன், நூரம்பேர்க்கில் நாசித் தலைவர்கள்மீது குற்றஞ்சாட்டி வழக்கு நடத்தியவர் என்பது குறிப்பிடத்தக்கது. பொதுமக்களும் பத்திரிகைகளும் எழுப்பிய குரலால் பின்னர் விசாரணை நடைபெற்று, 1951 இல் எலன் நோஃப் அனுமதிக்கப்பட்டார். விசாரித்துப் பார்த்தபோது இரகசியத் தகவல் வலுவற்றதென வெளியாயிற்று. விசாரணை ஏன் தேவை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

ஆயினும் நீதிமன்றம் அப்பாடத்தைக் கற்றதாகத் தெரியவில்லை. 2024 ஜூன் 21 ஆம் திகதி தீர்க்கப்பட்ட முனோஸ் வழக்கில், அமெரிக்கப் பிரசையான ஒரு பெண் தம் எல்சல்வடோர் நாட்டுக் கணவருக்கு ஏன் வீசா மறுக்கப்பட்டது என்பதற்குப் போதிய காரணம் கேட்டார். பிற நாட்டவரான துணை நாட்டினுள் அனுமதிக்கப்படுவதில் பிரசைக்கு அரசியலமைப்பு சார்ந்த அடிப்படை உரிமை இல்லை என நீதிமன்றம் விடையளித்தது. நீதியரசர்கள் மூவர் மாறுபட்டனர். இதே நீதிமன்றந்தான் 1967 இல் இனக்கலப்பு மணத்தைத் தடைசெய்த சட்டங்களை வீழ்த்தி, மணம் புரிதல் மனிதரின் அடிப்படை உரிமை என அறிவித்தது. இரண்டையும் சேர்த்துப் படிப்போருக்குக் கிடைக்கும் முடிவு இதுதான்: பிரசைக்கு மணம் புரியும் உரிமை உண்டு, மணந்தவரோடு சொந்த நாட்டில் வாழும் உரிமை இல்லை.

இறைமை என்பது எவருடையது என்ற வினாவை இங்கு எழுப்புதல் வேண்டும். மக்களாட்சியில் இறைமை மக்களுடையது. மனுவோடு நிற்கும் மனைவியும் அம்மக்களுள் ஒருவர். 1907 ஆம் ஆண்டுச் சட்டமொன்றின்படி, பிற நாட்டவரை மணந்த அமெரிக்கப் பெண் தன் பிரசாவுரிமையை இழந்தாள். 1915 இல் உயர் நீதிமன்றம் அதனைச் செல்லுபடியாகுமெனக் கூறியது. 1922 இல் அச்சட்டம் பெருமளவு நீக்கப்பட்டது. இன்று அதனை நாகரிகமுள்ள எவரும் ஆதரியார். ஆயின் நிரந்தரத் தடை செய்வதும் அதுவே. கடவுச்சீட்டு அவளிடமே இருக்கும். கணவனா, நாடா என்ற தெரிவும் அவளிடமே விடப்படும். கணவனைத் தெரிந்தால் குறைந்தது பத்தாண்டு அந்நிய வாசம். நாட்டைத் தெரிந்தால் குறைந்தது பத்தாண்டுக் கைம்மைபோன்ற தனிமை. 1907 இன் சட்டம் வெளிப்படையாகச் செய்ததை 1996 இன் சட்டம் மறைமுகமாகச் செய்கின்றது.

மீண்டு வந்தவர் ‘குற்றவாளி’ அல்லவா எனக் கேட்போரும் உளர். அனுமதியற்ற மீள்நுழைவைக் குற்றமாக்கிய சட்டம் 1929 மார்ச் 4 ஆம் திகதியது. தென் கரோலினாவின் செனற்றர் கோல்மன் பிளீஸ் அதனை முன்னெடுத்தவர். அவர் வெள்ளையர் மேலாதிக்கத்தை மேடைகளில் வெளிப்படையாகப் போற்றிய அரசியல்வாதி. இன்று அக்குற்றத்துக்குச் சாதாரணமாக ஈராண்டு வரையும், முன்னைய பாரிய குற்றத்தீர்ப்பு உள்ளோருக்கு இருபதாண்டு வரையும் சிறை விதிக்கலாம். இதே காங்கிரஸ் இரண்டு நாட்களுக்கு முன், 1929 மார்ச் 2 ஆம் திகதி, பதிவுச் சட்டம் ஒன்றையும் ஆக்கியது. 1921 ஜூன் 3 இற்கு முன் வந்து, நல்லொழுக்கத்தோடு வாழ்ந்த, வருகைப் பதிவு இல்லாதோர் ஒரு கட்டணம் செலுத்தித் தம் நிலையைச் சட்டபூர்வமாக்கிக்கொள்ள அது வழிவகுத்தது. அவ்வழியாற் பயன்பெற்றோர் பெரும்பாலும் ஐரோப்பியரும் கனேடியருமே. ஒருவரை மன்னித்த பேனாவே இரண்டு நாட் கழித்து மற்றவரைக் குற்றவாளியாக்கிற்று. பதிவுக்கான அத்திகதி பின்னர் நான்கு முறை முன்னகர்த்தப்பட்டு, 1986 இல் 1972 ஜனவரி 1 என ஆக்கப்பட்டது. அன்று நின்ற கடிகாரம் இன்றுவரை நகரவில்லை.

மேலும், நிரந்தரத் தடைக்கு அடிப்படையான முதற் கட்டளையைப் பிறப்பித்தவர் நீதிபதியாக இருக்கவேண்டும் என்பதுமில்லை. 1996 ஆம் ஆண்டுச் சட்டம் உருவாக்கிய ‘துரித வெளியேற்றம்’ என்னும் முறையில் எல்லை அதிகாரி ஒருவரே கட்டளை பிறப்பிக்கலாம். இம்முறைக்கு எதிராக அமெரிக்க உயர் நீதிமன்றம் வரை சென்றவர், மெக்சிக்கோ எல்லையைக் கடந்து சில யார் தூரத்திற் பிடிபட்ட இலங்கைத் தமிழர் ஒருவரே. புகலிடக் கோரிக்கை நிராகரிக்கப்பட்ட முறையை நீதிமன்றத்தில் மீளாய்வு செய்யக் கோரிய அவரது வழக்கு 2020 ஜூன் 25 ஆம் திகதி ஏழுக்கு இரண்டு எனத் தோல்வியுற்றது. ஆகவே இது தொலைதூரத்து மெக்சிக்கர் பிரச்சினை மட்டுமே என இந்நாட்டு மாணவர் ஒதுக்கிவிடுதல் இயலாது.

ஒதுக்கிவிட இயலாமைக்கு வேறொரு காரணமும் உண்டு. 1954 இல் மெக்சிக்கத் தொழிலாளரைக் கூட்டங்கூட்டமாக வெளியேற்றிய அமெரிக்க அரசு, அந்நடவடிக்கைக்கு ‘முதுகு நனைந்தவர்’ எனப் பொருள்படும் இழிசொல்லையே உத்தியோகபூர்வப் பெயராகச் சூட்டியது. ஆற்றை நீந்திக் கடந்தவர் என்பது அதன் கருத்து. இலங்கையில் மலையகத் தமிழரை நோக்கி எறியப்பட்ட ‘கள்ளத்தோணி’ என்னும் சொல்லும் நீரைக் கடந்த விதத்தால் மனிதனுக்கு இட்ட சூடேயாகும். 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டமும் 1964 ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தமும் குடும்பங்களை எவ்வாறு இரு கரைகளிலும் பிரித்து நிறுத்தின என்பதை மலையகத்து முதியோர் இன்றும் சொல்வர். வந்த வழியைக் கொண்டு மனிதனுக்குப் பெயரிடும் சமுதாயம், அவன் வாழ்ந்த வாழ்வை எண்ணிப் பார்க்கும் கடமையிலிருந்து தன்னை விடுவித்துக்கொள்கின்றது.

மாற்று வழி இல்லையா? உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2008 ஆம் ஆண்டுப் பணிப்புரை, வெளியேற்றப்பட்டவருக்கு விதிக்கும் நுழைவுத் தடை பொதுவாக ஐந்தாண்டுகளுக்கு மேற்படலாகாது என்கின்றது. பொது ஒழுங்குக்குப் பாரிய அச்சுறுத்தலாயுள்ளோரே விலக்கு. ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், குடும்ப வாழ்வுக்கான உரிமையையும் அரசின் நலனையும் வழக்குக்கு வழக்கு நிறுத்துப் பார்க்கின்றது. 2014 ஒக்டோபரில் அது தீர்த்த ஒரு வழக்கில், வீசாக் காலம் முடிந்தும் நெதர்லாந்தில் பல்லாண்டுகள் தங்கி, அந்நாட்டவரை மணந்து மூன்று பிள்ளைகளைப் பெற்ற சுரினாம் நாட்டுப் பெண்ணுக்கு வதிவுரிமை மறுத்தமை தவறு எனக் கூறியது. அவர் நாடு கடத்தப்பட்டு மீண்டவரல்லர். ஆகவே இரு நிலைமைகளும் முற்றிலும் ஒன்றல்ல. ஐரோப்பா தன் கடல் எல்லையில் நடந்துகொள்ளும் விதமும் போற்றுதற்குரியதன்று. ஆயினும் நிறுத்துப் பார்த்தல் என்னும் செயலால் எந்த அரசும் கவிழ்ந்துவிடவில்லை என்பதற்கு அத்தீர்ப்புகள் சான்றாகும்.

அமெரிக்காவில் நிறைவேற்றுத் துறை மேற்கொண்ட அரைகுறை முயற்சிகள் பயனளியா என்பதும் வெளிப்படை. ஜனாதிபதி பைடனின் நிர்வாகம் 2024 ஓகஸ்ட் 19 ஆம் திகதி, பத்தாண்டுகள் வாழ்ந்த பிரசைகளின் துணைகளுக்காகத் தொடங்கிய திட்டத்தை, ரெக்சாஸ் மாநிலக் கூட்டாட்சி நீதிமன்றம் நவம்பர் 7 ஆம் திகதி செல்லாதென அறிவித்தது. அத்திட்டம் நிலைத்திருந்தாலும் நிரந்தரத் தடையை அகற்றும் வலு அதற்கு இருந்திராது. காங்கிரஸ் எழுதியதைக் காங்கிரசே அழித்தல் வேண்டும்.

அழிக்க வேண்டியவை பெரியனவுமல்ல. நிரந்தரத் தடைக்கு உட்பட்டவரின் குடும்பத் துன்பத்தைப் பத்தாண்டு காத்திராமல் கேட்டறியும் அதிகாரம் நீதிபதிக்கு வழங்கப்படல் வேண்டும். பிள்ளையின் துன்பம் பிள்ளையின் துன்பமாகவே எண்ணப்படல் வேண்டும். நீதிபதி விசாரியாத பழைய கட்டளையை, விசாரணையின்றியே மீள உயிர்ப்பிக்கும் முறை நீங்குதல் வேண்டும். 1972 இல் நின்றுபோன பதிவுத் திகதி காலத்தோடு நகர்தல் வேண்டும். பாரிய குற்றம் புரிந்தோரைத் தடுக்க வேறு பிரிவுகள் சட்டத்தில் ஏற்கெனவே நிறைய உள. இச்சீர்திருத்தங்கள் எவருக்கும் அனுமதியை உறுதி செய்யா; கேட்கப்படும் உரிமையையே உறுதி செய்யும்.

நாடு கடத்தப்பட்டவர் மீண்டும் எல்லை கடப்பது சட்டத்தை மீறுவதே, அதனை மறைப்பதற்கில்லை. அம்மீறலுக்கு அபராதமோ அளவான தண்டனையோ விதிப்பதையும் எவரும் எதிர்க்கவில்லை. ஆனால் தண்டனைக்கு அளவு இருத்தல் வேண்டும். அதனை விதிப்பதற்கு முன் கேள்வி இருத்தல் வேண்டும். அது செய்தவரோடு நிற்றல் வேண்டும். இம்மூன்றும் இல்லாத ஒன்றைத் தண்டனை என்று சொல்வதும் பொருந்தாது, அது பழிவாங்கலே. தன் பிரசைகளையே பழிவாங்கும் சட்டத்தால் எந்த எல்லையும் பாதுகாப்படையப்போவதில்லை.